உங்கள் பெயர் எந்த இடாப்பில் இருக்கிறது?

(நல்லூர்ப் பகுதியில் கடைகளிலும் கட்டட வேலையிலும் இருக்கும் மலையகப் பிள்ளைகளின் ஒன்றுகூடலில் நமது சங்க அமைப்பாளர் ஆற்றிய உரை)

தோழர்களே, தம்பி தங்கச்சிமாரே,

உங்கள் வோட்டு எங்கே இருக்கிறது? நல்லூரிலா, தோட்டத்திலா?

போன தேர்தலுக்கு ஒரு தம்பி இங்கிருந்து இரவு பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போனார். இடாப்பில் அவர் பெயர் இல்லை. "பிள்ளை யாழ்ப்பாணத்தில்" என்று வீட்டில் சொன்னதால் அங்கே பெயர் விடுபட்டுவிட்டது. இங்கேயும் அவர் பதியவில்லை. வந்த பஸ்ஸிலேயே திரும்பினார்.

நமக்கு இது சின்ன விஷயமா? 1947 தேர்தலில் நம் பாட்டன் பாட்டிமார் போட்ட வோட்டில் இலங்கை இந்தியக் காங்கிரஸைச் சேர்ந்தவர்கள் பாராளுமன்றம் போனார்கள். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் பிரஜை அல்லாதவருக்கு வோட்டு இல்லை என்றார்கள். 1952இல் அந்த இடங்கள் எல்லாமே போய்விட்டன. நாடற்றவராக மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அன்று சட்டம் பறித்ததை இன்று நாமே கைவிடலாமா?

செய்ய வேண்டியது இதுதான். இலங்கைப் பிரஜையாக, 18 வயது முடிந்தவராக இருந்தால், நீங்கள் வழக்கமாக வசிக்கும் இடத்தில் பதியலாம். ஓர் ஆளுக்கு ஒரே இடம்தான். இங்கே தங்கிவிட்டீர்கள் என்றால் இந்தப் பிரிவுக் கிராம உத்தியோகத்தரிடம் போங்கள். லயம்தான் வீடு என்றால் படிவம் நிரப்பும்போது உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லி அம்மா அப்பாவுக்கு இன்றைக்கே போன் பண்ணுங்கள்.

பதிந்த பிறகும் பாருங்கள். கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் இடாப்பைக் காட்சிக்கு வைப்பார்கள். தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டும் பார்க்கலாம். பெயர் இல்லையென்றால் தவணை முடியுமுன் உரிமைக் கோரிக்கை கொடுங்கள். வருஷ நடுவில் 18 முடிப்பவர்களையும் துணை இடாப்பில் சேர்க்க 2021இல் சட்டம் திருத்தப்பட்டது.

கடையில் வேலை செய்யும் நமக்குத் தபால் வோட்டு கிடையாது. பெயர் உள்ள இடத்துக்கே போக வேண்டும். அதற்குச் சம்பளம் வெட்டாமல் லீவு தர முதலாளி கடமைப்பட்டவர்; எழுத்தில் கேளுங்கள். வாக்காளர் அட்டை வராவிட்டாலும் பயப்பட வேண்டாம். இடாப்பில் பெயரும் கையில் அடையாள அட்டையும் இருந்தால் போதும்.

தோட்டத்தில் இதை வாசிக்கும் பெற்றோரே, வெளியூர் போன பிள்ளையின் பெயரையும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.