தேகப்பயிற்சிக் கூடத்தில் நம்மவர்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இத்தகைய விழா மேடைகளில் தமிழின் தொன்மையைப் பற்றியோ கம்பனின் கவிநயத்தைப் பற்றியோ பேசுதலே மரபு. நமக்கு வாய்த்த தலைப்போ தேகப்பயிற்சி. செயலாளர் நம்மை மேலும் கீழுமாக ஒருமுறை நோக்கிய பின்னரே இத்தலைப்பைத் தேர்ந்தார் போலும். எனினும் கொடுத்ததைப் பேசுவது விருந்தினர் கடமையாதலின், மும்பைத் தமிழர் தேகப்பயிற்சிக் கூடத்தில் படும் பாட்டைப் பற்றிச் சில சொல்லத் துணிகின்றோம்.

நெல்லைச் சீமையினின்று பிழைப்புத் தேடி வந்து, தாராவியில் தோல் பதனிடும் தொழிலில் நின்ற நம் முன்னோர்க்குத் தேகப்பயிற்சி என்று தனியே ஒன்று வேண்டியிருக்கவில்லை. ஈரத்தோலின் கனமே அவர்களுக்குக் கர்லாக்கட்டை. மாட்டுங்காவில் குடியேறி அலுவலகங்களில் எழுத்தராகவும் சுருக்கெழுத்தாளராகவும் இருந்தோர்க்கு மூன்று மாடிப் படியும், காலை இரயிலைப் பிடிக்கும் ஓட்டமும் இருந்தன. செம்பூரில் குடியேறிய தாய்மார்களுக்குத் தண்ணீர்க் குடம் இருந்தது. அவர்தம் பேரப்பிள்ளைகளாகிய நம் இளைஞர்களோ கணினியின் முன் காலையில் அமர்ந்தால் இரவில் எழுகின்றனர். உணவு வாயிலுக்கு வருகிறது. மின்தூக்கி மாடிக்கு ஏற்றுகிறது. நடப்பதற்கென்று எஞ்சியிருப்பது படுக்கையறைக்கும் அடுக்களைக்கும் இடைப்பட்ட தொலைவே.

இதன் விளைவு எல்லோரும் அறிந்ததே. இந்தியாவில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கு மேற்பட்டோர் என்று 2023-ஆம் ஆண்டில் வெளியான பெரும் ஆய்வு ஒன்று கணித்தது. அவ்வாய்வில் முன்னின்றோர் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார். உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தானே ஈர்த்துக்கொள்ளும். அதற்கு இன்சுலினைக் கூட அது எதிர்பார்ப்பதில்லை. வாரத்துக்கு 150 நிமிடமாவது உடல் வியர்க்க இயங்குக, இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வரையறுத்தது. மருத்துவர் சொல்கிறார், மனைவி சொல்கிறாள், இறுதியில் நம்மவர் 'ஜிம்'மில் ஓராண்டுக் கட்டணத்தை ஒருசேரக் கட்டிவிடுகிறார்.

கட்டியவர் எத்தனை நாள் போகிறார்? பெரும்பாலும் மூன்று வாரம். கேட்டால் மழை என்பார், முழங்கால் என்பார், அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் காலம் என்பார். இவை யாவும் சாக்குப் போக்குகள். மெய்யான காரணம் ஒன்றே, அது வெட்கம்.

கூடத்தினுள் நுழைந்ததும் நான்கு சுவரிலும் நிலைக்கண்ணாடி. வீட்டுக் கண்ணாடியில் முகம் மட்டுமே பார்த்துப் பழகியவர், தம் வயிற்றை முன்பக்கமும் பக்கவாட்டிலுமாக ஒரே வேளையில் காண்கிறார். அணிந்திருப்பதோ அந்த நாளுக்கென்று வாங்கிய கையில்லாத சாண்டோ பனியன். இப்பெயரின் வரலாறு சுவையானது. யூஜின் சாண்டோ என்பவர் 1867-இல் பிரஷ்ய நாட்டில் பிறந்த பயில்வான். 1904-05-இல் இந்தியாவுக்கு வந்து தம் உடற்கட்டைக் காட்டிச் சென்றார். நம் நாட்டார் அவர் பெயரைப் பயில்வான்களுக்குப் பட்டமாக்கினர். படமெடுத்த சின்னப்பா தேவரும் 'சாண்டோ' சின்னப்பா தேவரே. பின்னர் அப்பெயர் பனியனுக்கும் ஆயிற்று. பயில்வான் போனார், பனியன் நின்றது. அதனுள் நிற்பவர் நம்மவர்.

முதற்சோதனை டிரெட்மில் என்னும் ஓடுபட்டையில் நிகழும். மும்பைவாசிக்கு இதில் ஒரு தனி இடர் உண்டு. தாதரில் வண்டி நிற்குமுன் இறங்கிப் பழகியவர் நம்மில் பலர். (அது சட்டப்படிக் குற்றம், உயிருக்கும் கேடு, அதைப் போற்றுவதாக எவரும் கொள்ள வேண்டா.) அங்கே உடல் வண்டியோடு முன்னோக்கி விரைகிறது; தரை நிற்கிறது; ஆகவே இறங்கியவர் நாலெட்டு முன்னே ஓடினால் பிழைத்தார். இங்கே எல்லாம் தலைகீழ். உடல் அறையில் நிற்கிறது. தரை பின்னோக்கி ஓடுகிறது. இரயில் தந்த துணிவோடு ஓடும் பட்டையில் கால் வைத்தவருடைய கால்கள் பின்னே போக, தலை முன்னே போக, பட்டை அவரைப் பணிவோடு பின்சுவரருகே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. எழுந்து நின்றால் நான்கு கண்ணாடியிலும் நான்கு பேர் எழுந்து நிற்கின்றனர்.

பட்டையின் இருமருங்கும் அசையாத ஓரப்பலகை உண்டு. அதன்மேல் இரு காலையும் ஊன்றி, பட்டையை ஆமை வேகத்தில் ஓடவிட்டு, அதன் பின்னரே இறங்க வேண்டும். சிவப்புக் கயிறு ஒன்று தொங்கும். அதன் கொக்கியைச் சட்டையில் மாட்டிக்கொண்டால், விழும்போது பொறி தானே நின்றுவிடும். அக்கயிற்றை மாட்டுபவரைக் காண்பது அரிது. மாட்டினால் புதியவர் என்று தெரிந்துவிடுமாம்!

இந்தப் பொறியின் பிறப்பை அறிந்தால் வெட்கம் சிறிது குறையும். 1818-இல் வில்லியம் கியூபிட் என்னும் ஆங்கிலப் பொறியாளர் இதனைச் சிறைக் கைதிகளுக்காக வகுத்தார். சுழலும் படிச்சக்கரத்தின் மீது கைதிகள் மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். கொடுமை மிகுதி என்று 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இங்கிலாந்து அதனைக் கைவிட்டது. (சிறைத் தண்டனை என்றதும் கோவைச் சிறையில் செக்கிழுத்த வ.உ.சி.யின் நினைவு நமக்கு வருகிறது. அது நகைப்புக்குரிய செய்தியன்று. ஆகவே அதனை வணங்கி அப்பால் செல்வோம்.) கைதிக்குத் தண்டனையாய் இருந்ததை நாம் கட்டணம் செலுத்தி ஏற்கின்றோம், கைதிக்காவது விடுதலை நாள் இன்னதென்று தெரியும்.

அடுத்தது பெஞ்சில் மல்லாந்து படுத்து இரும்புத் தண்டைத் தூக்குவது. வெறுந்தண்டே 20 கிலோ. தமக்கு முன் தூக்கிய இளைஞர் விட்டுச் சென்ற எடைத்தட்டுகளைக் கழற்றினால் காண்போர் நகைப்பரோ என்று அஞ்சி, நம்மவர் அப்படியே தூக்கத் துணிகிறார். தண்டு மார்பு வரை அன்போடு இறங்குகிறது. ஏற மறுக்கிறது. அருகில் நான்கு பேர் நிற்கின்றனர், நம்மவர் அழைப்பதில்லை. இந்நிலையில் தப்ப ஓர் உத்தி உண்டு: தண்டை மார்பினின்று வயிற்றின் வழியே இடுப்பு வரை மெல்ல உருட்டிக் கொணர்ந்து எழுந்து அமர்தல். உலகெங்கும் அதற்குப் பெயர் 'வெட்க உருட்டல்' என்பதே. பெயரிட்டவன் மனித உள்ளத்தை நன்கறிந்தவன். எனினும் கனம் மிகுந்தால் உருட்டலும் பயன்படாது. தண்டு கழுத்தின்மேல் சரிந்து உயிர் போனதும் உலகில் உண்டு. சர்ச்கேட் வண்டியின் இரண்டாம் வகுப்பில் முன்பின் அறியாதவரைப் பார்த்து 'கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்யுங்கள்' என்று சொல்லி நான்காவது ஆளாக இருக்கையில் அமரும் நம்மவர்க்கு, இங்கே 'ஒரு கை கொடுங்கள்' என்னும் சொல் மட்டும் தொண்டையில் சிக்கிக்கொள்வதேன்?

ஆக, வெட்கம் இருபுறமும் வெட்டுகிறது. ஒருவரை அது வீட்டுக்கு விரட்டுகிறது. மற்றொருவரை அளவுக்கு மீறித் தூக்கச் செய்கிறது. முன்னவர்க்குச் சர்க்கரை ஏறுகிறது. பின்னவர்க்குத் தசை கிழிகிறது.

பயிற்றுநர் இந்நேரத்தில் அருகில் வந்து 'ஏக் ஔர்' என்பார். 'இன்னும் ஒன்று' என்று பொருள். ஒன்று முடிந்ததும் மீண்டும் 'ஏக் ஔர்'. இந்தியில் ஒன்றுக்குப் பின் இரண்டு வரும் என்று பள்ளியில் படித்த நம் பிள்ளைகளுக்கு இது புதுக் கணக்கு. போதும் என்று சொல்ல நாணி, முதல் நாளே நூறு பஸ்கி எடுத்தவரின் மறுநாட்கதையைக் கேளுங்கள். அன்று ஒன்றும் தெரியாது. மறுநாளும் அதற்கு மறுநாளுமே வலி முற்றும். அதுவும் ஏறும்போதன்று, இறங்கும்போது. தசை நீண்டுகொண்டே கனம் தாங்கும் இயக்கந்தான் அதன் நார்களை நுட்பமாகச் சிதைக்கிறது. மாட்டுங்கா இரயில் நிலையப் பாலத்தில் கைப்பிடியை இருகையாலும் பற்றி, ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி இறங்குபவரைக் கண்டால் பக்கவாதம் என்று இரங்க வேண்டா. முந்தாநாள் ஜிம்மில் சேர்ந்தவர் அவர்.

இவ்வலி மூன்று நான்கு நாளில் தானே நீங்கும். ஆனால் வலி தாங்க முடியாததாகி, தசை வீங்கி, சிறுநீர் கரும்பழுப்பாகப் போகுமாயின், சிதைந்த தசைப்பொருள் சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்பது பொருள். அன்று வெட்கப்பட்டு வீட்டிலிருத்தல் ஆகாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நகைச்சுவைக்கு நடுவே இதைச் சொல்வதற்காகவே நாம் இத்தலைப்பை ஏற்றோம் என்றும் கொள்ளலாம்.

தேகப்பயிற்சிக்கு வெட்கப்பட்டோருள் மகாத்மா காந்தியடிகளும் ஒருவர். இராஜ்கோட் பள்ளியில் கிமி என்னும் பார்சித் தலைமையாசிரியர் மேல்வகுப்பினர்க்குத் தேகப்பயிற்சியைக் கட்டாயமாக்கினார். காந்தியடிகளுக்கோ கூச்சம், நோயுற்ற தந்தைக்குப் பணிவிடை செய்யும் விருப்பமும் உடன் சேர்ந்தது. ஒரு சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பயிற்சி, கையில் கடிகாரமில்லை, வானில் மேகம், அவர் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் கலைந்துவிட்டனர். நடந்ததைச் சொன்னார், தலைமையாசிரியர் நம்பவில்லை, ஓரணாவோ இரண்டணாவோ தண்டம் விதித்தார். பொய்யன் என்று எண்ணிவிட்டனரே என்று அழுதாராம். பயிற்சியை வெறுத்தது தவறு என்று பிற்காலத்தில் அவரே தன் வரலாற்றில் எழுதினார். நெடுந்தூரம் நடக்கும் வழக்கத்தை மட்டும் அவர் இளமையிலேயே பற்றிக்கொண்டார். மாட்டுங்காவின் ஐந்து தோட்டங்களைச் சுற்றி வைகறையில் நடப்போர் அவ்வழியினரே. அவர்களுள் சிலர் நடப்பதைவிட அரசியல் பேசுவதே மிகுதி என்பது வேறு செய்தி.

நம் நாட்டுப்புறத்தில் இவ்வெட்கத்துக்கு வேறு விதமாக வழி கண்டிருந்தனர். தென்மாவட்டத்து ஊர்களில் மந்தையிலோ கோயில் முன்போ உருண்டைக் கல்லொன்று கிடக்கும். இளவட்டக்கல் என்பது அதன் பெயர். அதைத் தூக்கித் தோளில் ஏற்றிப் பின்னால் எறிபவனே பெண் கேட்கத் தகுந்தவன் என்பது பழைய வழக்கு. எடுத்த எடுப்பில் எவரும் தோளுக்கு ஏற்றியதில்லை. முதலில் முழங்கால், பின் தொடை, பின் மார்பு, அதன் பின்னரே தோள். ஊரே சுற்றி நின்று பார்க்கும். தவறவிட்டால் ஊரே சிரிக்கும். சிரித்தவர்களுள் பாதிப்பேர் தாமும் தவறவிட்டவர்கள். அதனால் அச்சிரிப்பில் நஞ்சு இல்லை. 'முட்டியை மடக்குடா, முதுகை வளைக்காதே' என்று பெரியவர் ஒருவர் சொல்லுவார். நெல்லை மாவட்டத்து வடலிவிளையில் பொங்கல் விழாவில் இப்போட்டி இக்காலத்திலும் நடைபெறுகிறது, பெண்களும் தூக்குகின்றனர். நிலைக்கண்ணாடியும் குளிர்பதனமும் உள்ள நம் கூடங்களில் இல்லாதது அந்தப் பெரியவரின் குரல்தான்.

உலகமே சுற்றி நின்று பார்க்கத் தோற்றவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். மணிப்பூரைச் சேர்ந்த மீராபாய் சானு 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் தோளேற்றித் தூக்கும் மூன்று முயற்சியிலும் தவறினார். தரவரிசையில் அவருக்கு இடமே இல்லாமற் போயிற்று. அடுத்த ஆண்டில் உலகச் சாம்பியனானார். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி பெற்றார். ஐந்தடிக்கும் குறைவான உயரமுடைய பெண்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். பூங்காக்களில் மாநகராட்சி அமைத்துள்ள திறந்தவெளிக் கருவிகளில் நீங்கள் வைகறையிலேயே வந்து, ஆள் வரும் அரவம் கேட்டதும் இறங்கிப் பூச்செடியைப் பார்ப்பது போல் நிற்பதைக் கண்டிருக்கிறோம். இறங்க வேண்டா. மாதவிடாய் நின்ற பின் எலும்பு அடர்த்தி குறையும். கனம் தாங்கும் பயிற்சியே அதனை எதிர்த்து நிற்க உதவும். உங்கள் மருமகளைவிட உங்களுக்கே அக்கருவி வேண்டும். சேலைத் தலைப்பை மட்டும் இடுப்பில் இறுகச் செருகிக்கொள்ளுங்கள். ஊஞ்சற் கருவியின் மூட்டில் அது சிக்கினால் கருவியும் நிற்கும், கூட்டமும் கூடும். தனியே வராமல் நால்வராக வாருங்கள். நால்வர் சேர்ந்து சிரித்தால் ஐந்தாமவர் சிரிக்க மாட்டார்.

அடுக்களையினின்று சாம்பார் மணம் வருகிறது. அதனோடு போட்டியிடும் வலிமை நம் உரைக்கு இல்லை. பந்தி தரையில் போட்டிருக்கிறார்கள். இவ்வாரம் முதன்முதல் பஸ்கி எடுத்தவர்கள் எவரேனும் இங்கிருந்தால், கீழே அமர்ந்து எழ முடியாமல் திண்டாட வேண்டா. கூச்சப்படாமல் கையைத் தூக்குங்கள், நாற்காலி வரும். கையையும் தூக்க முடியாதவர்கள் குரல் கொடுங்கள்.