மிதவை தேர்ந்த கதை



முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளிக்கூடத்திலேயே காலங்கழித்த எனக்கு, ஓய்வு பெற்ற பின்னும் ஒரு பழக்கம் போகவில்லை. யார் எந்தப் பொருளை வாங்கப் போவதாகச் சொன்னாலும், "எதற்காக?" என்று முதலில் கேட்டுவிடுவேன். பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் என் வீட்டுத் திண்ணைக்கு வந்த பழைய மாணவர் ஒருவரையும் அப்படித்தான் கேட்டேன். அவர் எங்கள் ஊர் ஏரியில் வலை போட்டுக் கெண்டையும் ஜிலேபியும் பிடித்துப் பிழைப்பவர். உடன் அவருடைய தாயாரும் வந்திருந்தார்.

"ஐயா, ஏரியில் மிதக்கப் புது டியூப் வாங்க வேண்டும். எது நல்லது என்று சொல்லுங்கள்" என்றார் மாணவர்.

"எதற்காகப் புதிது? பழையது என்னவாயிற்று?" என்றேன்.

அவர் தலை குனிந்துகொண்டார். தாயார்தாம் சொன்னார். லாரி டியூப்பின் நடுவே உட்கார்ந்து, தவறி விழாதிருக்கத் தம் இடுப்பை அதனோடு கயிற்றால் கட்டிக்கொண்டு, வலையின் நுனியையும் அதிலேயே முடிந்திருக்கிறார் பிள்ளை. ஏரியின் உள்ளே நீரில் மூழ்கி நின்ற கருவேல முள் ஒன்று டியூப்பைக் கிழித்துவிட்டது. காற்று போயிற்று. வலை மரக்கட்டையில் சிக்கியது. மிதவை வலையையும், வலை கட்டையையும், கயிறு மனிதரையும் பிடித்துக்கொண்டன. பக்கத்தில் பரிசலில் இருந்த ஒருவர் வந்து கயிற்றை அறுத்திராவிட்டால் அத்தாயார் என் திண்ணைக்கு வந்திருக்கமாட்டார்.

காற்றடைத்த பையைப் பற்றிக்கொண்டு நீரைக் கடப்பது மிகப் பழைய வித்தை. கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டில் அசீரிய மன்னன் அசூர்நசிர்பாலின் வீரர்கள் காற்றூதிய தோல்பைகளின் மீது ஆற்றை நீந்திக் கடக்கும் காட்சி கல்லிலே செதுக்கப்பெற்று, இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1887-இல் பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் டன்லப் காற்றடைத்த சக்கரத்தைச் செய்தார். சக்கரத்துக்கென்று பிறந்த டியூப்பை மனிதன் விரைவில் நீரிலும் இறக்கிவிட்டான். அமெரிக்க நாட்டுத் தூண்டிற்காரர்கள் அதற்குக் கித்தான் உறையும் இருக்கையும் தைத்து, காலில் துடுப்புச் செருப்பு மாட்டி, ஏரிகளில் மிதந்து மீன் பிடித்தார்கள். இன்று நைலான் துணி உறைக்குள் தனித்தனிக் காற்றுப் பைகள் வைத்த மிதவைகள் கடைகளிலே விற்கின்றன. மாணவரின் கைப்பேசியில் அத்தகைய படங்கள் பல இருந்தன. பைகள் நிறைந்த பகட்டான ஒன்றின் மீது அவருக்குக் கண்.

"தம்பி, ஒரு தாளும் பென்சிலும் எடு" என்றேன்.

மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்கும். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. அவர் எடை 60 கிலோ. வலையும் மீனும் 20. உறையும் இருக்கையும் 5. ஆக 85 கிலோ. பழைய டியூப்பின் தடிமன் 25 சென்டிமீட்டர். அதன் நடுவட்டத்தின் விட்டம் 80. குறுக்குவெட்டுப் பரப்பாகிய 491 சதுர சென்டிமீட்டரை நடுவட்டத்தின் சுற்றளவாகிய 251 சென்டிமீட்டரால் பெருக்கினால் ஏறத்தாழ 123 லிட்டர் வருகிறது. முழுச் சுமையையும் டியூப்பே தாங்குவதாகக் கொண்டால், அது பத்தில் ஏழு பங்கு நீருக்குள் அமிழ்ந்திருக்கும். கால்கள் நீரில் இருப்பதால் அவற்றின் பாரத்தை நீரே பெரும்பாலும் சுமக்கிறது என்பது உண்மையே. ஆயினும் அந்தச் சலுகையை ஆபத்துக்கென்று ஒதுக்கி வைப்பதே அறிவுடைமை. மிதவை பாதிக்கு மேல் அமிழக்கூடாது என்று வைத்துக்கொண்டால் 170 லிட்டர் வேண்டும். அதுவும் இரண்டு தனி அறைகளாக இருத்தல் வேண்டும்; ஒன்று கிழிந்தாலும் மற்றது கரை சேர்க்கும்.

அடுத்து வடிவம். முழு வளையத்தின் நடுவே அமர்ந்தவர் கவிழ்ந்தால் வெளியே வருவது அரிது. முன்புறம் திறந்த, லாடம் போன்ற மிதவையிலிருந்து நழுவி வெளியேறலாம். மூன்றாவது உறை. எங்கள் ஏரியைப் போலக் கருவேல மரங்கள் நிற்கும் நீர்நிலையில் வெறும் ரப்பர் உதவாது. கெட்டித் துணி உறை இன்றியமையாதது. பழைய டியூப்பையே வாங்க நேர்ந்தால், மாலையில் காற்றடித்து அதன் தடிமனை நூலால் அளந்து, காலையில் மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். பிறகு நீரில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று நோக்க வேண்டும்.

வெயிலையும் மறக்கலாகாது. காலையில் விறைப்பாகக் காற்றடித்துக் கரையில் போட்டுவிட்டால், உச்சிப் பொழுதில் உள்ளே காற்றின் அழுத்தம் மிகுந்து தையல் விடலாம். குளிர்ந்த நீரில் இறக்கினாலோ விறைப்புக் குறைந்து தளரும். ஆகவே நீரில் சற்று நேரம் மிதக்கவிட்டு, பிறகு வேண்டிய அளவு நிரப்புவதே முறை. காலால் உந்தும் மிதவை மெதுவாகவே செல்லும். புறப்படும்போது காற்றை எதிர்த்துப் போனால், களைத்துத் திரும்பும்போது காற்றே துணையாகும்.

எல்லாவற்றையும் குறித்துக்கொண்ட மாணவர், கையிலிருந்த பணம் அந்தப் பகட்டான மிதவைக்கு மட்டுமே போதும் என்றார். "உயிர்காப்புச் சட்டை?" என்றேன். "அது பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஐயா" என்றார். தாயார் என்னையே பார்த்தார். அந்தப் பார்வைக்கு விடை சொல்ல எனக்குச் சிறிது நேரம் பிடித்தது.

"சட்டையை முதலில் வாங்கு. மிச்சப் பணத்தில் பைகள் இல்லாத எளிய மிதவை போதும். அளவும் அறைகளும் மட்டும் குறையக்கூடாது. இடுப்பில் கயிறு கட்டாதே. வலையை மிதவையில் முடியாதே. கையில் பிடி, சிக்கினால் விட்டுவிடு. கத்தியொன்று மார்பருகில் இருக்கட்டும். தனியாகப் போகாதே" என்றேன்.

அவர் அவ்வாறே செய்தார். மாசி மாதத்தில் ஒரு விடியற்காலை ஏரிக்கரைக்குச் சென்று பார்த்தேன். செம்மஞ்சள் சட்டையணிந்து, பாதி அமிழ்ந்த மிதவையில் அவர் பின்னோக்கி மெல்லச் சென்றுகொண்டிருந்தார். துணைக்கு ஒரு பரிசலும் சென்றது.

ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை நான்தான் அவருக்குப் பாடம் நடத்தினேன். ஒரு குவளை நீரையும் ஒரு கல்லையும் மேசைமீது வைத்து ஆண்டுதோறும் அதை விளக்கினேன். அவரும் பிழையின்றி எழுதி முழு மதிப்பெண் பெற்றவரே. அப்படி எழுதியவர் தம் மிதவையை அளந்து பார்க்கவில்லை என்றால், அந்தக் குறை என்னுடையது. பள்ளியிலிருந்து ஏரிக்கரை பத்து நிமிட நடை. ஒரு நாளேனும் அந்த வகுப்பை அங்கே அழைத்துச் சென்றேனில்லை.

இப்பொழுது எங்கள் ஊர்ப் பள்ளி ஆசிரியர்களிடம் ஒன்றை மட்டும் கேட்டுவருகிறேன். மிதத்தல் பாடம் வரும் வாரத்தில் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்து வாருங்கள். அந்த மிதவையை மாணவரே கொண்டுவந்து காட்டுவார். அவர் சம்மதம் தந்துவிட்டார்.