வைத்தியரும் பொலிஸாரும்

(வைத்திய மாணவர் மத்தியில் நிகழ்த்தப்பெற்ற உரையின் வாசகம்)



நோயைக் கண்டவுடன், இஃது எங்ஙனம் பரவிற்று என வினவுபவர் வைத்தியர். இதனைச் செய்தவன் யார் என வினவுபவர் பொலிஸ்காரர். நோயையே ஆயுதமாக ஏந்துவோன் தோன்றிவிட்டால் இவ்விரு வினாக்களும் ஒன்றையொன்று நாடியே தீரவேண்டும். நாடாமையால் விளைந்த கதையொன்றை முதலிற் கூறுகின்றேன்.

1984 ஆம் ஆண்டு செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து த டால்ஸ் என்னும் சிறு பட்டினத்தில் 751 பேர் வயிற்றுப்போக்காலும் காய்ச்சலாலும் வீழ்ந்தனர். 45 பேர் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டனர்; நல்லூழாக எவரும் மாளவில்லை. பத்து உணவுச்சாலைகளில் உண்போர் தாமே எடுத்துண்ணும் பச்சைக் காய்கறி மேசைகளே நோயின் ஊற்று. சல்மொனெல்லாக் கிருமி என்று ஆய்வுகூடம் கண்டது. அத்தனை சாலைகளுக்கும் பொதுவான உணவுப்பொருள் எதுவும் அதிகாரிகளுக்கு அகப்படவில்லை. வேண்டுமென்றே எவரேனும் கலந்திருப்பரோ என்ற ஐயம் எழாமலில்லை. ஆயினும், பொறுப்பேற்றவர் எவருமில்லை, நோக்கமும் புலப்படவில்லை, முன்னர் இவ்வாறு நிகழ்ந்ததுமில்லை என்று அதனை ஒதுக்கிவிட்டனர். உணவைக் கையாண்ட தொழிலாளரின் சுத்தக்குறைவே காரணம் என்று முடிவு எழுதப்பட்டது. பழி யார் தலையில் எளிதாக விழுகின்றது பாருங்கள்!

உண்மை யாது? அருகே குடியேறியிருந்த ரஜனீஷ் ஆச்சிரமத்தார் நவம்பரில் நடைபெறவிருந்த உள்ளூர்த் தேர்தலைக் கைப்பற்ற முனைந்திருந்தனர். வாக்காளரைப் படுக்கையிற் கிடத்துவதற்கு ஒத்திகையே இந்த நஞ்சூட்டல். ஆகஸ்டில் அவ்வாச்சிரமத்தில் நீர் அருந்திய உள்ளூராட்சி ஆணையாளர் இருவரும் நோயுற்றிருந்தனர். காங்கிரஸ் உறுப்பினர் ஜேம்ஸ் வீவர் 1985 பெப்ரவரியிற் சபையிலேயே எழுந்து குற்றஞ்சாட்டினார், பயனில்லை. செப்டெம்பரில், தம்மை விட்டோடிய அணுக்கத்தாரோடு பிணங்கிய குருவே வாய்திறந்த பின்னர்தான் பொலிஸார் ஆச்சிரமத்து ஆய்வுகூடத்துட் புகுந்தனர். அதே கிருமி அங்கே குப்பியில் இருந்தது. வைத்தியப் பொருள் வணிகரிடம் முறைப்படி வாங்கிய கிருமி அது! விலைச்சீட்டைத் தேடும் தொழில் வைத்தியருடையதன்று. தேடத் தெரிந்தவரோ ஓராண்டின் பின்னரே வந்தார்.

அங்ஙனமாயின் இரண்டையும் ஒரே இலாகாவாக்கிவிடலாமே என்பீர்கள். கூடவே கூடாது!

2011 இல், ஒசாமா பின்லாடன் ஒளிந்திருந்த மனையைத் துப்பறியும் பொருட்டு, அமெரிக்க உளவுத்துறை பாகிஸ்தானின் அபொட்டாபாத்தில் வைத்தியர் ஒருவரைக் கொண்டு பொய்யான தடுப்பூசி இயக்கமொன்றை நடத்துவித்தது. செய்தி வெளியாயிற்று. குழந்தைக்கு மருந்து கொண்டுவருபவள் ஒற்றோ என்ற அச்சம் வீடுதோறும் புகுந்தது. 2012 டிசெம்பரில், போலியோ மருந்து புகட்டச் சென்ற பெண்கள் வீதியிற் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒற்றாடலைத் திட்டமிட்டவர் எவரும் அவ்வீதியில் நிற்கவில்லை.

ஆகவே நான் கேட்பது இதுவே. கிருமியின் வகை, மாதிரிகள், நோய் கண்ட இடங்கள், இவை அன்றன்றே இரு பகுதியாருக்கும் தெரியட்டும். நோயாளரின் பெயர்கள் நீதிமன்றக் கட்டளையின்றி வைத்தியசாலையின் வாயிலைத் தாண்டலாகாது. கட்டிலருகே வரும் பொலிஸ்காரர், வெள்ளைச் சட்டைக்குள் ஒளியாது, தாம் பொலிஸ்காரர் என்று சொல்லிக்கொண்டே வரவேண்டும்.

அமெரிக்கப் பொதுச் சுகாதாரக் கல்லூரிகளின் தலைவர் பன்னிருவர் 2013 ஜனவரியில் ஜனாதிபதி ஒபாமாவுக்கு இதைக் கண்டித்து எழுதினர். இனித் தடுப்பூசியை உளவுக்குப் பயன்படுத்தோம் என்ற மறுமொழி 2014 மே மாதத்திலேதான் வந்தது.