இலை கொட்டும் காலத்தில் மோட்டார் சைக்கிள்



மலேசியாவில் இலையுதிர் காலம் ஏது என்று கேட்பவர்கள் உண்டு. நெகிரி செம்பிலானின் ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை ரப்பர் மரங்கள் இலையைக் கொட்டும், பாலும் குறையும். ரெம்பாவ், தம்பின், பகாவ் வட்டாரங்களில் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. ஆனாலும் ரப்பர் நிற்கும் இடங்களில் சாலையை இலை மூடித்தான் கிடக்கும்.

காய்ந்த இலையைவிட நனைந்த இலையே ஆபத்து. சில நாள் வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து வழுக்கும். அதன்மேல் இலைகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படியும். டயர் சாலையைப் பிடிக்காது. இலைக்கு அடியில் இருக்கும் குழியும் கல்லும் கண்ணுக்குத் தெரியாது. அந்த வளைவில் முன் பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் முன்சக்கரம் வழுக்கி வண்டி விழும்.

எனவே வளைவுக்கு முன்பே, வண்டி நேராகச் செல்லும்போதே, இரண்டு பிரேக்கையும் மெதுவாகப் பிடித்து வேகத்தைக் குறைக்க வேண்டும். வளைவுக்குள் பிரேக்கும் வேண்டாம், திடீர் முறுக்கலும் வேண்டாம். லாரிச் சக்கரம் இலையை ஒதுக்கிய தடத்திலேயே போவது நல்லது. வேகம் 30 கிலோமீட்டரிலிருந்து 60 ஆனால், பிரேக் பிடித்த பின் வண்டி ஓடும் தூரம் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்காகும். தேய்ந்த டயரை மாற்றும் செலவு, ஆஸ்பத்திரிச் செலவைவிடக் குறைவு.

மலேசியாவில் 1973 முதல் தலைக்கவசம் கட்டாயம். 1992 முதல் பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும். ஆனால் "தோட்டத்துக்குள்ளேதானே, கடைக்குத்தானே" என்று பலரும் தலைக்கவசத்தை வீட்டு வாசலில் மாட்டிவிட்டுக் கிளம்புகிறார்கள். சிலர் பிள்ளையையும் வெறுந்தலையோடு முன்னால் உட்கார வைக்கிறார்கள். கல்லுக்கும் மரத்துக்கும் தோட்டச் சாலை, அரசாங்கச் சாலை என்ற வித்தியாசம் தெரியாது. வாரைக் கட்டாத தலைக்கவசம் விழும்போது தலையில் நிற்காது.

இந்நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். சிரம்பான், செனவாங் தொழிற்சாலைகளில் இரவு வேலை முடித்துத் தூக்கக் கண்ணோடு தோட்டத்துக்குத் திரும்பும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் தாமதமாக வந்தாலும் பரவாயில்லை, முழுசாக வந்து சேர்ந்தால் போதும் என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னால், பிள்ளை அந்த வளைவில் வேகத்தைக் குறைப்பான்.