மெனிஞ்சைடிஸுக்குப் பின் வெளிநாட்டுப் பயணம்

(நமது சங்கத்தின் மகளிர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மெனிஞ்சைடிஸ் என்பது மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள உறையில் வரும் அழற்சி. 2023-ல் எனக்கு வந்தது பாக்டீரியாவால் வரும் வகை. பகவத் கிருபையால் பிழைத்தேன். ஆனால் இடது காது கேட்காது. வலிப்பு வராமலிருக்க தினம் இரண்டு வேளை மாத்திரை. இப்போது நியூஜெர்ஸியில் பெண்ணுக்குத் தலைப்பிரசவம். போகாமல் இருக்க முடியுமா?

நரம்பியல் டாக்டர் போகலாம் என்று சொல்லிவிட்டார். சங்கடம் இன்ஷூரன்ஸில்தான். "அதான் குணமாயிடுத்தே மாமி, பழைய வியாதி என்கிற இடத்தில் 'இல்லை'ன்னு போட்டுடலாம்" என்றார் ஏஜெண்ட். நான் சம்மதிக்கவில்லை. காய்ச்சல் போனது வாஸ்தவம், மாத்திரை நிற்கவில்லையே! அங்கே வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தால், என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் காகிதம் கம்பெனிக்கும் போகும். மறைத்தது தெரிந்தால் க்ளெய்ம் தள்ளுபடி. பில் மாப்பிள்ளை தலையில்.

உண்மையைச் சொன்னால் மட்டும் எல்லாம் கிடைத்துவிடுமா? அதுவும் இல்லை. நம் ஊர்ப் பாலிசிகள் பலவற்றில் பழைய வியாதிக்கு, உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும், அதுவும் ஒரு வரம்புக்குள்தான் பணம். அமெரிக்கா வருவோருக்கென்று அங்கே விற்கும் பாலிசிகள் சிலவற்றில், பழைய வியாதி திடீரென்று தலைதூக்கினால் தருகிறார்கள். 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும், வயது ஏற ஏறத் தொகை குறையும் என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ காப்பீடு கட்டாயம். அதை வைத்திருப்பதாலேயே பழைய வியாதியும் அதில் அடக்கம் என்று நினைத்துவிடக் கூடாது.

"எனக்கு வலிப்பு வந்தால் தருவீர்களா?" என்று மூன்று கம்பெனிகளுக்கு ஈமெயில் எழுதினேன். நேராகப் பதில் சொன்னது ஒன்றுதான். ப்ரீமியம் கூடுதலானாலும் அதையே வாங்கினேன். போனில் சொல்வது பிறகு உதவாது.

மாத்திரை முழுவதும் கைப்பையில்தான். டாக்டர் சீட்டில் லெவெடிரசெட்டம் என்று மருந்தின் பெயரையே எழுதி வாங்கியிருக்கிறேன். நம் ஊர் பிராண்ட் பெயர் அங்கே புரியாது. 12 மணிக்கு ஒரு தரம் போட வேண்டும் என்பதால், போய் இறங்கும்வரை கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே வைத்திருக்கச் சொன்னார். கேட்கும் காது பணிப்பெண் பக்கம் இருக்கும்படி சீட். வீல்சேரும் சொல்லியாகிவிட்டது. நம் மாமிகள் பலர் இங்கிலீஷுக்குப் பயந்தே வீல்சேர் கேட்பதுண்டு. எனக்கு நிஜமாகவே களைப்பு!

கம்பெனிக்கு எழுதிய கடிதத்தின் நகல் கொண்டுவந்திருக்கிறேன். வேண்டியவர்கள் காபிக்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.