மணமகள் என்றால் யார்?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்மில் எத்தனை பேர் கையில் கல்யாணப் பதிவுச் சான்று இருக்கு? கையைத் தூக்கச் சொன்னால் பாதிக் கைகூட வராது. ஆனால் கடலுக்குப் போனவர் திரும்பி வரலைன்னா, நிவாரணத்துக்கு அலையும்போது முதலில் கேட்பது, "நீதான் சம்சாரம் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்றுதான். மாதா கோவிலில் கட்டினாலும், பிள்ளையார் முன்னால் கட்டினாலும், நிக்காஹ் முடித்தாலும், தமிழ்நாட்டில் 2009-ம் வருஷச் சட்டப்படி பதிவு கட்டாயம்.

இந்தக் காகிதத்துக்காக நம்ம தூத்துக்குடியில் ஒரு ஜோடி ஹைகோர்ட் வரைக்கும் போனாங்க. அதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

2018 அக்டோபர் 31-ந் தேதி. நாம் சிவன் கோவில் என்று சொல்வோமே, அந்தச் சங்கர ராமேஸ்வரர் கோவிலில் அருண்குமாருக்கும் ஸ்ரீஜாவுக்கும் கல்யாணம் நடந்தது. ஸ்ரீஜா ஒரு திருநங்கை. பதிவு அலுவலகத்தில் முடியாது என்றார்கள். மேலே மாவட்டப் பதிவாளரிடம் போனால் அவரும் அதையே சொன்னார். பிறகுதான் மதுரைக் கிளையில் வழக்குப் போட்டார்கள்.

அரசுத் தரப்பில் என்ன சொன்னாங்க தெரியுமா? 1955-ம் வருஷத்து இந்து திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்று இருக்கிறது. அகராதியைப் பார்த்தால் மணமகள் என்றால் கல்யாண நாளில் இருக்கும் பெண் என்றுதான் அர்த்தம். திருநங்கை பெண் இல்லை, அதனால் மணமகளும் இல்லை. ஒரு பெண்ணோட வாழ்க்கையை அகராதியை வைத்துத் தீர்த்துவிடலாம் என்று நினைத்தார்கள் போலிருக்கு!

2019 ஏப்ரல் 22-ல் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்பு சொன்னார். சட்டத்தில் உள்ள சொல்லுக்கு, அது எழுதிய காலத்து அர்த்தத்தையே பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. இன்றைய நிலைமைக்குத் தகுந்த மாதிரி அர்த்தம் கொள்ள வேண்டும். மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம். கல்யாணத்தைப் பதிவு செய்ய வேண்டும். இவ்வளவுதான். ஆனால் இந்தியாவில் அதற்கு முன்னால் எந்த நீதிமன்றமும் இப்படிச் சொன்னதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

அவர் இதை அந்தரத்தில் இருந்து எடுக்கவில்லை. 2014 ஏப்ரல் 15-ல் உச்ச நீதிமன்றம் 'நால்சா' வழக்கில், தான் ஆணா, பெண்ணா, மூன்றாம் பாலினமா என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அவரவருக்கே உண்டு என்று சொல்லியிருந்தது. இன்னொன்றும் சொன்னது. ஒருத்தர் சேலை கட்டுவது, பேசுகிற விதம், நடக்கிற விதம், இதெல்லாம் அரசியல் சட்டம் 19-வது பிரிவு தருகிற கருத்துச் சுதந்திரத்தில் சேரும். பஸ் ஸ்டாண்டில் ஒருத்தரின் நடையைப் பார்த்துக் கேலி பண்றது சாதாரணம் என்று நினைக்கிறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும். நம்மையும்தான் ஒரு காலத்தில் 'பொம்பளை என்ன மைக் பிடிச்சுப் பேசுறது' என்று கேட்டார்கள்.

2023 அக்டோபர் 17-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும், ஆண்-பெண் உறவில் இருக்கும் திருநங்கை, திருநம்பியர் இப்போதுள்ள சட்டப்படியே கல்யாணம் செய்யலாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் செய்யும் கல்யாணத்துக்கு மட்டும் அதே தீர்ப்பில் அங்கீகாரம் கிடைக்கவில்லை. அது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

சரி, இதுக்கும் நமக்கும் என்ன என்று கேட்பீங்க. உப்பளத்துக்குப் போகும் ஒரு திருநங்கை தங்கள் குழுவில் சேரக் கேட்டிருக்காங்க என்று ஒரு ஊக்குநர் எழுதியிருக்காங்க. "இது மகளிர் குழு ஆச்சே, சேர்க்கலாமா? பேங்கில் என்ன சொல்வாங்களோ?" என்பது அவங்க கேள்வி. கோர்ட்டு மணமகள் என்று ஒத்துக்கொண்டவரை, வாரம் சந்தா கட்டுகிற உறுப்பினராக நாம் ஒத்துக்கொள்ள என்ன தடை? கடன் வாங்கிக் கட்ட மாட்டாங்க என்று சிலர் பயப்படுறாங்க. நம்ம மாவட்டத்தில் கோவில்பட்டி பக்கம் மந்தித்தோப்பில் 2020-ல் திருநங்கைகளே சேர்ந்து பால் உற்பத்தியாளர் கூட்டுறவு சங்கம் தொடங்கினாங்க. மாடு வாங்கி, பால் கறந்து ஊற்றினவங்க அவங்க. வட்டி கணக்கு நமக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைக்க வேண்டாம்.

சேர்க்கலாம் என்பதுதான் எங்கள் கருத்து. ஆனால் தீர்மானம் போட வேண்டியது நீங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் இது ஓட்டுக்கு வருது. பிரதிநிதிகள் அதற்குள் குழுவில் பேசிவிட்டு வாங்க. வரும்போது, கல்யாணம் பதிவு செய்யாத உறுப்பினர்கள் பட்டியலையும் கையோடு கொண்டு வாங்க.