ஆழ்கடலில் ஓர் அறிவிப்பாளன்



2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே கடலடி நிலம் அதிர்ந்து, ஏறத்தாழ இரண்டு மணி நேரங்கழித்தே பேரலை நாகப்பட்டினத்தை அடைந்தது. அவ்விடைவேளையில் எச்சரிப்பார் எவருமிலர்.

இன்று கடலின் அடித்தரையில் ஆளில்லாக் கருவியொன்று காத்திருக்கிறது. பேரலை கடக்கையில் நீரின் அழுத்தம் மாறும். வானொலி அலை கடல்நீரை ஊடுருவாது. ஆதலால் கருவி ஒலியலையால் மேலுள்ள மிதவைக்கு உணர்த்த, மிதவை செயற்கைக்கோள் வழியே கரைக்கு அறிவிக்கிறது. ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்கும் மையத்தின் கணிப்பொறிகள், முன்பே கணித்து வைத்த அலைகளோடு ஒப்பிட்டு, எக்கரைக்கு எப்போது ஆபத்து என்பதைக் கூறுகின்றன. மிதவைகளைப் பராமரிப்பதில் சென்னை பள்ளிக்கரணையின் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்திற்குப் பெரும் பங்குண்டு.

“வருவது தக்தீர், கருவி எதற்கு?” என்று நம் அம்மாபேட்டைப் பெரியவர் ஒருவர் வினவினார். ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் என்ற செய்தி கிட்டியதும் உமர் (ரலி) அவர்கள் பாதி வழியில் திரும்பினார்களே! அத்திரும்புதலும் தக்தீர்தான். ஆனால், செய்தி உரிய நேரத்தில் கிட்டியது.

மிதவையின் நிழலில் மீன்கள் கூடும். படகுகளை அதில் கட்டுவோரும், அதன் உறுப்புகளைக் கழற்றுவோரும் உளர் என்பது வேதனை. நாகூர், நாகைப் பக்கம் உறவுடையோரே, இதை அங்குள்ள படகுக்காரர்களிடம் எடுத்துரையுங்கள்.